மேலேறும் கதவும் மாடிக் கைப்பிடிச் சுவரும்



பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவைத்த பெற்றோர் நம் பங்குகளில் பலர் உள்ளனர். பேரக்குழந்தை பிறந்ததும் ஆறு மாதத்துக்குப் புறப்பட்டுச் செல்லும் இவர்கள் திரும்பி வந்து சொல்லும் புதுமைகளுள் ஒன்று, அங்கே வீட்டின் தலைவாசல் பெரும்பாலும் மூடியே கிடக்கிறது என்பது. குடும்பம் போவதும் வருவதும் கார் ஷெட் வழியாகத்தான். அங்கே அதனைக் கராஜ் என்பர். பொத்தானை அழுத்தியதும் அதன் அகன்ற கதவு மேலேறிக் கூரையின்கீழ் படுத்துக்கொள்ளும். சி. ஜி. ஜான்சன் என்னும் அமெரிக்கர் 1921இல் இவ்வகைக் கதவையும், 1926இல் அதைத் தூக்கும் மின்கருவியையும் அமைத்தார்.

இக்கருவி பழுதாகும்போதோ, இரைச்சல் மிகும்போதோ, ஆள் வைத்துப் புதியது மாட்டுவார்கள். இதைப் பற்றிப் பங்குக் குரு எழுதுவானேன் என்று சிலர் நகைக்கலாம். இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். புது வீடு கட்டுபவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்றும், எவரேனும் விழுந்து மாண்டால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்றும் மோசே கட்டளையிடுகிறார். வீட்டுக்காரரின் கவனக்குறைவு ஆண்டவருக்குமுன் கணக்கில் ஏறுகிறது என்பதே இதன் பொருள். அன்று மாடி, இன்று, அந்நாட்டில், இக்கதவு.

இது வீண் அச்சமன்று. 1982 மார்ச்சுக்குப் பின் வந்த ஆண்டுகளில், தானியங்கிக் கதவின்கீழ் சிக்கி 2 முதல் 14 வயதுக்குட்பட்ட சிறுவர் ஏறத்தாழ 60 பேர் மாண்டதாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிட்டது. ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளைகள், கதவு இறங்குமுன் அடியில் நுழைந்துவிடலாம் என்று துணிந்தவர்கள். 1990இல் சட்டம் இயற்றப்பட்டது. 1993 ஜனவரி முதல் தேதிக்குப் பின் செய்யப்படும் கருவிகளில், தடை குறுக்கிட்டால் கதவு தானே திரும்ப மேலேறும் ஏற்பாடு கட்டாயமாயிற்று. கதவின் இருபுறமும் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேற்படாத உயரத்தில் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் இரு மின்கண்கள் அவ்வகையினவே. அவற்றுக்கிடையே ஒரு பந்து உருண்டாலும் இறங்கும் கதவு நின்று மேலே திரும்பும்.

இம்மின்கண்கள் அடிக்கடி தொல்லை தருவதும் உண்மை. தூசி படிந்தால், துடைப்பம் இடித்துச் சற்றே திரும்பினால், கதவு மூட மறுக்கும். இதற்குச் சிலர் காணும் வழி நம்மைத் திடுக்கிட வைக்கிறது. இரண்டு கண்களையும் கழற்றிக் கூரையருகே ஒன்றுக்கொன்று எதிராகக் கட்டிவிடுகிறார்கள். கருவி ஏமாந்துபோகும், கதவும் தடையின்றி மூடும். கீழே நிற்கும் குழந்தையைக் காணக் கண்ணில்லை. வேலைக்கு வருபவரிடம் வீட்டுக்காரரே இப்படிச் செய்யச் சொன்னால், பாவம் இருவருக்கும் பங்காகும். சொன்னவருக்குச் சற்று அதிகம் என்றே நாம் கருதுகிறோம்.

இனி, ஆள் வைக்கத்தான் வேண்டுமா? மோட்டாரைப் பெட்டியில் வாங்கிவந்து தாமே மாட்டும் கைத்திறன் சிலருக்கு உண்டு. ஆயினும், கதவின் பாரத்தைச் சுமப்பது மோட்டாரன்று. இரண்டு கார் செல்லும் கதவு 70 முதல் 100 கிலோ வரை இருக்கும். அதைத் தாங்குவது வாசலுக்கு மேலே முறுக்கி வைக்கப்பட்ட எஃகுச் சுருள்வில். கட்டுத்தெறித்தால் கையை முறித்துவிடும் விசை அதில் அடங்கியுள்ளது. சாதாரணச் சுருள்வில் சுமார் 10,000 முறை ஏறி இறங்கும் அளவுக்கே செய்யப்படுகிறது. நாளொன்றுக்கு நான்கு முறை என்றால் ஏழு ஆண்டுகள் வரும். இதைத் தொடும் வேலை பயின்றவருக்கே உரியது.

வருபவர் நல்ல வேலைக்காரரா என்பதை அறிய ஓர் அடையாளம் உண்டு. முதலில் அவர் பழைய மோட்டாரைக் கதவினின்று விடுவித்து, கதவைக் கையால் பாதி உயரம் தூக்கி விட்டுப் பார்ப்பார். விட்ட இடத்தில் நின்றால் சுருள்வில் சரி. இறங்கிவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த மோட்டார் வாங்கினாலும் வீண். வேலை முடிந்ததும் ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரக்கட்டையைத் தரையில் படுக்கவைத்துக் கதவை மூடச் சொல்லுங்கள். கட்டையில் பட்டவுடன் இரண்டு நொடிக்குள் மேலே திரும்ப வேண்டும். இச்சோதனையை மாதம் ஒருமுறை வீட்டாரே செய்யலாம். சுவரிலுள்ள பொத்தான் ஐந்தடிக்கு மேலிருக்கட்டும். சிறுவர் கைக்கு எட்டலாகாது.

கூலியை முன்னரே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள்: பொருளுக்கு இவ்வளவு, உழைப்புக்கு இவ்வளவு என்று. நம்மவருக்குப் பேரம் பேசுவது பிறவிப் பழக்கம். காய்கறிக் கடையில் அது விளையாட்டு. ஏணிமேல் நின்று பிறர் பிள்ளையின் உயிருக்குக் காவல் அமைப்பவரிடம், வேலை முடிந்தபின் குறைத்துக் கேட்பது வேறு காரியம். அவ்வாறு குறைக்கப்படும் தொகை எங்கிருந்து ஈடுகட்டப்படும்? விட்டுப்போன சோதனையிலிருந்தும் விலை குறைந்த சுருள்வில்லிலிருந்தும்தான். கூலியைப் பொழுது சாயுமுன் கொடு என்று அதே இணைச்சட்டம் 24ஆம் அதிகாரத்தில் கூறுகிறது. நம் முன்னோர் சிங்கராயர் என்று அழைத்த திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் எழுதிய சுற்றுமடலும் தொழிலாளியின் நியாயமான கூலியை வலியுறுத்துகிறது. ஊர்விட்டு ஊர் போன நம் பிள்ளைகளைப் போலவே, அவரும் எங்கிருந்தோ பிழைக்க வந்தவராக இருக்கலாம். ஒரு குவளைத் தண்ணீர் கொடுங்கள்.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும் என்பதும் உண்டு. 2017இல் கலிபோர்னியாவில் காட்டுத்தீ பரவியபோது, மின்சாரமின்றிக் கராஜ் கதவைத் திறக்க இயலாமல் முதியோர் சிலர் உயிரிழந்தனர். அதனால் 2019 ஜூலை முதல் அம்மாநிலத்தில் விற்கப்படும் கருவிகளுக்கு மின்கலச் சேமிப்பு கட்டாயம். வேறு மாநிலத்தில் இருந்தாலும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

பேரப்பிள்ளையைப் பார்க்கச் செல்லும் தாத்தா பாட்டிகளே, பகலில் வீட்டில் இருப்பவர்கள் நீங்கள்தாம். மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் கதவு மோட்டாரினின்று விடுபடும். பிறகு கையால் தூக்கலாம். கதவு முழுதும் மூடியிருக்கும்போதே அதை இழுக்க வேண்டும். திறந்திருக்கையில் இழுத்தால், சுருள்வில் பழுதுற்றிருந்தால் கதவு தலைமேல் விழும். மகன் வேலைக்குப் புறப்படுமுன் இதை ஒருமுறை செய்துகாட்டச் சொல்லி, பிறகு நீங்களே ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.