வெல்ஷ் வினைச்சொல் அட்டவணையை மூட்டை கட்டுங்கப்பா!

வேல்ஸ்காரங்க பேசற வெல்ஷ் மொழியைப் பத்தி ஒரு புரளி சுத்திக்கிட்டே இருக்கு. "நிகழ்காலத்துக்கே ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் ஆறு வடிவம், மனுஷன் கத்துக்க முடியாது"ன்னு. சுத்த டுபாக்கூர் மக்களே! இந்தப் பயத்தைக் கிளப்பினதே இணையத்துல கிடக்கிற வினைச்சொல் அட்டவணைகளும் 'தூய' மொழிக் காவலர்களும்தான்.

மேட்டர் ரொம்ப சிம்பிள். பேச்சு வெல்ஷ்ல நிகழ்காலத்துக்கு அநேகமா ஒரே ஒரு வினைச்சொல் மாறினா போதும்: 'போட்', அதாவது 'இரு'. நான் பாடுறேன் - 'டூ ஈன் கானி'. அவ பாடுறா - 'மை ஹீன் கானி'. அவங்க பாடுறாங்க - 'மைன் நூன் கானி'. பாட்டைக் குறிக்கிற 'கானி' அசையவே இல்லை பாருங்க. அதைத் தூக்கிட்டு 'அவெட்'டைப் போட்டா, குடிக்கிறது ரெடி. ஒரே ஃபங்ஷனை ஆயிரம் இடத்துல கூப்பிடற மாதிரி. வடக்கே ஒரு உச்சரிப்பு, தெற்கே ஒரு உச்சரிப்பு இருக்கும், அவ்ளோதான்.

அட்டவணையில 'நிகழ்காலம்'னு போட்டு என்ன இருக்கு? கானவ், கெனி, கான்... இது இலக்கிய வெல்ஷ். அதுல நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் ஒரே வடிவம். பேச்சுல அந்த வடிவம் எதிர்காலத்துக்குப் போயிடுச்சு. அதை நெட்டுரு போட்டுட்டுப் போய் "காபி குடிக்கிறேன்"னு சொன்னா, எதிராளி காதுல "குடிப்பேன்"னு விழும். இதுக்கா ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சுப் படிக்கணும்?

சங்கத் தமிழ்லயும் இறந்தகாலம், இறப்பல்லாத காலம்னு ரெண்டுதான். கிறு, கின்று எல்லாம் பிற்பாடு வந்தது. அதுக்காகத் தமிழ் கத்துக்க வர்ற வெள்ளைக்காரனுக்கு முதல் பாடத்துலயே "யான் உண்பல்" சொல்லிக் கொடுத்து மெஸ்ஸுக்கு அனுப்புவோமா?

"'இரு' போட்டுச் சொல்றது இங்கிலீஷ் காப்பி, கொச்சை"ன்னு காவலர்கள் முறுக்குவாங்க. ஐயா, இந்த அமைப்பு இடைக்கால வெல்ஷ்லயே இருக்கு. இங்கிலீஷோட 'இங்' சமாச்சாரமே கெல்டிக் மொழிகள்கிட்ட இருந்து போனதுன்னு வாதாடற மொழியியலாளர்களும் உண்டு. அது இன்னும் தீராத வழக்கு, ஆனா காப்பின்னு அடிச்சுச் சொல்ல முடியாது.

ஏன் இவ்ளோ கொதிக்கிறேன்னா, 2011 கணக்கெடுப்புல வேல்ஸ்ல வெல்ஷ் பேசறவங்க சுமார் 5,62,000. 2021ல சுமார் 5,38,000. வேல்ஸ் அரசோ 2050க்குள்ள பத்து லட்சம்னு இலக்கு வச்சிருக்கு. புதுசா கத்துக்க வர்றவங்க இல்லாம அது நடக்குமா? அவங்களை வாசல்லயே அட்டவணையைக் காட்டி விரட்டினா மொழி எப்படிப் பிழைக்கும்?

இலக்கிய வடிவம் வேணாம்னு சொல்லலை. 1588ல வந்த வில்லியம் மோர்கனோட பைபிளைப் படிக்கணும்னா அது கண்டிப்பா வேணும். ஆனா முதல்ல ஒரு காபி குடிக்க விடுங்கப்பா, வேதத்தை அப்புறம் படிச்சுக்கட்டும்!