பயிற்சி இல்லாத கையும் உயிர் காக்கும்

மலேசியாவின் ஜெஞ்சாரோமில் ஒருவரின் இதயம் திடீரென நின்றுபோனால், மருத்துவமனைக்குப் பந்திங் அல்லது கிள்ளான் போக வேண்டும். லாரிகள் நெருக்கும் அந்தச் சாலையில் ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்து வந்தாலும் மூளை அதுவரை தாங்காது. மார்பை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது. ஆகவே, முதல் நிமிடத்தில் பக்கத்தில் நிற்கும் மகனோ கடைக்காரரோதான், பிறகு வரும் நிபுணரைவிட அந்த உயிருக்கு அதிகம் உதவ முடியும். ஆனால் பலரும் கைகட்டி நிற்கிறார்கள். அதை அலட்சியம் என்று சொல்ல மனம் வரவில்லை. பயிற்சி இல்லையே என்ற அச்சம்தான்.

அந்த அச்சத்துக்கு ஆதாரம் குறைவு. 2010இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளில், தொலைபேசி வழிகாட்டலைக் கேட்டு மார்பை மட்டும் அழுத்திய சாதாரண மக்களும், வாய்வழி மூச்சும் சேர்த்துக் கொடுத்தவர்களும் காப்பாற்றிய அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. டென்மார்க்கில் 2001க்கும் 2010க்கும் இடையில், பொதுமக்கள் முதலுதவி செய்வது இரு மடங்கானது. 30 நாள் தாண்டிப் பிழைத்தோர் 3.5 விழுக்காட்டிலிருந்து 10.8ஆக உயர்ந்தனர். முழுப் பெருமையும் இதற்கே சேராது, மருத்துவமும் முன்னேறியது. என்றாலும் திசை தெளிவு.

விலா எலும்பு முறிந்துவிடாதா? முறியலாம், ஆறும், நின்ற இதயம் தானாக ஆறாது. இதயம் நிற்காத ஒருவரின் மார்பை அழுத்திவிட்டால்? சியாட்டல் ஆய்வொன்றில் அப்படி அழுத்தப்பட்டவர்களில் சுமார் 2 விழுக்காட்டினருக்கே எலும்பு முறிந்தது. வழக்கு வருமா என்ற கேள்விக்கு, ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யும் செயலுக்கு மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 92ஆவது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஆனாலும் உதவுவோருக்கென்று தனிச் சட்டம் வேண்டும். பயந்தவனிடம் போய்ப் பிரிவு எண்ணைச் சொல்லிப் பயனில்லை. ஓர் எதிர்வாதம் மட்டும் நியாயமானது: நீரில் மூழ்கியவர்க்கும் குழந்தைகளுக்கும் மூச்சும் கொடுக்க வேண்டும். அதற்குப் பயிற்சி தேவை.

சிங்கப்பூர் 2012இலேயே தொலைபேசி வழிகாட்டலை முறைப்படுத்தியது. இங்கும் 999 அழைப்பை எடுப்பவர் ஒவ்வொருவரும் அழைத்தவரின் கையை நோயாளியின் மார்புக்குக் கொண்டுபோக வேண்டும், தமிழ் மட்டுமே அறிந்த பாட்டியிடமும். தமிழ்ப்பள்ளிகளும் கோயில் நிர்வாகங்களும் ஆண்டுக்கு ஒரு மாலையை இதற்கு ஒதுக்கலாம். அதுவரை வாசகர் நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவே: விழுந்தவர் அசையவில்லை, மூச்சு இல்லை அல்லது விட்டுவிட்டுத் திணறுகிறார் என்றால் 999ஐ அழைத்து ஒலிபெருக்கியில் போடுங்கள். மார்பின் நடுவில் கைமேல் கை வைத்து, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். உதவிக்குழு வந்து உங்களை விலக்கும்வரை நிறுத்தாதீர்கள்.