பூட் ஆகலையா? உடனே ஃபார்மட் பண்ணிடாதீங்க சாமிகளா!

டிஸ்கி: இது கொஞ்சம் சூடான பதிவு. சர்வீஸ் கடை வச்சிருக்கிற நல்ல மனுஷங்க யாரும் கோவிச்சுக்காதீங்க. மத்தவங்க தாராளமா கோவிச்சுக்கலாம். :-)

தலைவலின்னு போனா தலையையே எடுத்துடலாம்னு சொல்ற டாக்டரை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை. ஆனா பொட்டி பூட் ஆகலைன்னு போனா, "ஃபார்மட் பண்ணிடலாம் சார்"னு சொல்ற ஆளு தெருவுக்கு ரெண்டு பேர் இருக்காங்க. விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வச்சிருந்தீங்கன்னா கேக்கவே வேணாம். "ரெண்டு ஓஎஸ் போட்டா இப்படித்தான் ஆகும்"னு இலவச உபதேசம் வேற.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான் மக்களே. பூட்லோடர் கெட்டுப் போச்சுங்கறது ஃபார்மட் பண்ண ஒரு காரணமே கிடையாது. வாசக்கதவோட பூட்டு மக்கர் பண்ணுதுன்னு யாராவது வீட்டை இடிப்பாங்களா?

பழைய பயாஸ் பொட்டியில ஹார்ட் டிஸ்க்கோட முதல் செக்டார் 512 பைட். அதுல பூட் பண்ற நிரலுக்கு ஒதுக்கினது 446 பைட். அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் முத்திரை. லினக்ஸுக்குப் பிறகு விண்டோஸை நிறுவினா, அது யாரையும் கேக்காம அந்த 446 பைட்ல தன்னோட நிரலை எழுதிடும். அவ்ளோதான். உங்க லினக்ஸ், உங்க கோப்புகள் எல்லாம் இருந்த இடத்துலயே பத்திரமா இருக்கு. அங்க போற வழிதான் அழிஞ்சிருக்கு.

புது யூஈஎஃப்ஐ பொட்டியில இது இன்னும் சுலபம். பூட்லோடர்களுக்குன்னே தனியா ஒரு சின்ன பார்ட்டிஷன் இருக்கு. அதுல ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் தனித்தனி ஃபோல்டர். எது முதல்லங்கற வரிசை மட்டும் மதர்போர்டுல இருக்கும். விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் லினக்ஸ் காணாமப் போச்சுன்னா, பெரும்பாலும் அந்த வரிசைதான் மாறியிருக்கும். ஆன் பண்ணும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப்னு உங்க கம்பெனிக்கு எந்தப் பொத்தானோ அதை அழுத்துங்க. பட்டியல்ல லினக்ஸ் பேர் இருந்தா வைத்தியம் முடிஞ்சது. உள்ள போய் வரிசையை மாத்திக்கலாம். இதுக்கா ஃபார்மட்?

எனக்கு இவ்ளோ கோவம் வரக் காரணம் இருக்கு. எங்க சித்தி பையனோட பழைய லேப்டாப். விண்டோஸ்ல இருந்துக்கிட்டே, சும்மா கிடந்த ஒரு குட்டி டிரைவை அழிச்சிருக்கான். அடுத்த தடவை ஆன் பண்ணினா கறுப்புத் திரை, "கிரப் ரெஸ்க்யூ"ன்னு ஒரு வரி. கடைக்கு எடுத்துட்டுப் போயிருக்கான். ஒரு வார்த்தை கேக்காம டிஸ்க்கை மொத்தமா ஃபார்மட் பண்ணி, விண்டோஸ் போட்டு, 800 ரூபாயும் வாங்கிட்டாங்க. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், ரெண்டு மாசம் ஊர் ஊரா அலைஞ்சு எடுத்த படங்கள், எல்லாம் போயே போச்சு.

நடந்தது என்னன்னா, நடுவுல ஒரு டிரைவ் போனதும் பின்னாடி இருந்த லினக்ஸ் பார்ட்டிஷனோட எண் 7-ல இருந்து 6 ஆயிடுச்சு. கிரப் பழைய எண்ணுல தேடிட்டு "அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை"ன்னு நின்னுடுச்சு. அந்தக் கறுப்புத் திரையிலயே புது எண் என்னன்னு பார்த்து நாலு வரி தட்டியிருந்தா லினக்ஸ் வந்திருக்கும். உள்ள போய் கிரப்-இன்ஸ்டால் ஒரு தடவை ஓட்டினா நிரந்தரமா சரி. பதினஞ்சு நிமிஷ வேலை! அதுக்கே 800 ரூபா வாங்கிக்கோங்களேன், யாரு வேணாம்னா?

"பேக்கப் எடுக்காதது அவன் தப்பு"ம்பாங்க. எடுத்திருக்கணும்தான். அதுக்காக இருந்த ஒரே பிரதியையும் கேக்காம அழிக்கலாமா? லைவ் பென் டிரைவ்ல பூட் பண்ணி கோப்புகளை வெளிய எடுக்கத் தெரியாதவர் எதுக்குய்யா கடை திறக்கறீங்க?

சரி, கடைக்காரரை மட்டும் திட்டினா போதுமா? பெரிய இடத்துக்கும் பங்கு இருக்கு. 2024 ஆகஸ்ட்ல மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்பு அப்டேட் விட்டாங்க. டூயல் பூட் பொட்டிகளைத் தொடாதுன்னு சொல்லித்தான் விட்டாங்க. தொட்டுச்சு. செக்யூர் பூட் ஆன்ல இருந்த பல பொட்டிகள்ல லினக்ஸ் கிளம்பவே மறுத்துச்சு. முழுத் தீர்வு வந்தது 2025 மே மாசம். ஒன்பது மாசம்!

நம்ம பக்கமும் யோக்கியம் இல்லை. 2021-ல வந்த கிரப் 2.06, மத்த ஓஎஸ்களைத் தேடுற ஓஎஸ்-புரோபரை தானாவே அணைச்சு வச்சிருச்சு. பாதுகாப்புக் காரணம்தான், ஒத்துக்கறேன். ஆனா மெனுவுல விண்டோஸ் பேரைக் காணோம்னு புதுசா வந்தவன் பதறினா, "விண்டோஸ் எதுக்கு? தூக்கிப் போடு"ன்னு நக்கல் அடிக்கிற லினக்ஸ் பக்தகோடிகளே, கடைக்காரருக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? அவர் லினக்ஸை அழிக்கச் சொல்றார், நீங்க விண்டோஸை அழிக்கச் சொல்றீங்க. அவனுக்கு ஆபீஸ்ல டேலி ஓடணும் சாமி. கிரப் அமைப்புக் கோப்புல ஒரு வரி மாத்தி, அப்டேட்-கிரப் ஓட்டினா விண்டோஸ் வந்துடும்னு சொல்லிட்டுப் போங்களேன்.

"விர்ச்சுவல் மெஷின்ல ஓட்டு"ன்னு சொல்ற புண்ணியவான்களே, 4 ஜிபி ராம் இருக்கற பொட்டியில ரெண்டு ஓஎஸ்ஸை ஒண்ணா ஓட்டிக் காட்டுங்க, உங்களுக்குக் கோயில் கட்டறேன்.

நீங்களே கையை வைக்கப் போறீங்கன்னா மூணு விஷயம். லினக்ஸ் நிறுவினது யூஈஎஃப்ஐ முறையிலன்னா, பழுது பார்க்க வர்ற லைவ் பென் டிரைவும் அதே முறையில பூட் ஆகணும். ரெண்டாவது, இணையத்துல கிடைக்கற பழைய பூட்ரெக் ஃபிக்ஸ்எம்பிஆர் வைத்தியம் பயாஸ் காலத்துது, யூஈஎஃப்ஐ பொட்டிக்கு உதவாது. மூணாவது ரொம்ப முக்கியம்: செக்யூர் பூட்டைத் தொடறதுக்கு முன்னாடி, பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பார்த்து அந்த 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வச்சுக்கோங்க. அது இல்லாம மாட்டினா நானும் கையைத்தான் விரிப்பேன்.

கடைக்குத்தான் போவேன்னா தாராளமா போங்க. பொட்டியைக் கையில குடுக்கறதுக்கு முன்னாடி, "என்னைக் கேக்காம ஃபார்மட் பண்ணக் கூடாது"ன்னு ரசீதுல எழுதி வாங்குங்க. எழுத மாட்டேன்னு சொன்னா பொட்டியைத் தூக்கிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்க.

ஃபார்மட் கட்சிக்காரங்க பின்னூட்டத்துல வந்து கும்மலாம். ஐயாம் வெயிட்டிங்!