பம்ப் போச்சு சார்!

மேடு ஏறும்போது வண்டி திணறுகிறது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் சொருகுகிறார்கள், 'பி0087' என்று வருகிறது. அடுத்த நிமிடமே தீர்ப்பு: "பம்ப் போச்சு சார்!" விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது... நேராகத் தூக்கு!

அந்த எரர் கோட் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: காமன் ரெயிலில் டீசல் அழுத்தம் குறைவு. யாரால் குறைந்தது என்று அது சொல்லவே இல்லை. தெர்மாமீட்டர் 103 காட்டினால் டைபாய்டா மலேரியாவா என்று அதுவா சொல்லும்?

மொட்டை மாடித் தொட்டி நிரம்பவில்லை என்றால் யாராவது முதல் வேலையாக மோட்டாரைக் கழற்றி எடைக்குப் போடுவார்களா? கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, ஃபுட்வால்வ் பிடிக்கிறதா, வீட்டில் எங்காவது குழாய் திறந்து கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். இங்கேயும் அதே கதைதான். உயர் அழுத்த பம்ப் செய்வது டீசலைத் தள்ளும் வேலை. தள்ளிய டீசல் வெளியே போக வழியில்லாமல் ரெயிலுக்குள் முட்டுவதால்தான் அழுத்தம் ஏறுகிறது. எங்கோ வழி திறந்திருந்தால் புத்தம் புது பம்ப் மாட்டினாலும் ஏறாது.

ஃபில்டர் அடைத்திருக்கலாம். டேங்க்கிலிருந்து வரும் ஹோஸ் காற்று இழுக்கலாம். உள்ளே டீசல் தெரிகிற மாதிரி ஹோஸ் ஒரு சாண் மாட்டினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். என்ஜின் நின்று வெகுநேரம் ஆகியும் ரெயில் அழுத்தம் பூஜ்யத்தை ஒட்டி வரவில்லையா? சென்சாரையும் அதன் ஒயரையும் சந்தேகப்பட வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமான சந்தேகக் கேஸ் இன்ஜெக்டர்கள். நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாய்களையும் நான்கு அளவு பாட்டில்களில் விட்டு, என்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டால் போதும். மூன்று பாட்டிலில் கொஞ்சம், நாலாவது நிரம்பி வழிகிறது என்றால் திருடன் அங்கே! இதற்குச் சில நிமிடம்தான் ஆகும். கடைசியாக, உரிய கருவியால் பம்ப்பின் வெளிவழியை அடைத்து அது தனியாக எவ்வளவு ஏற்றுகிறது என்று பார்க்கலாம். போதிய அளவு ஏற்றினால் பம்ப் நிரபராதி.

பழைய 'மைகோ' பம்ப் காலத்து மெக்கானிக், என்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு பைப் நட்டாகத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பார். காமன் ரெயிலில் அது தற்கொலை முயற்சி. 1997-ல் வந்த ஆல்ஃபா ரோமியோ 156-லேயே அழுத்தம் 1350 பார் வரை போனது; பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அந்த வித்தை போனது சரி. சோதித்துப் பார்க்கும் புத்தியும் கூடவே போக வேண்டுமா?

பம்ப் கெடவே கெடாதா என்றால், கெடும். போஷ் நிறுவனத்தின் சி.பி.4 பம்ப் விவகாரத்தில் அமெரிக்க பிக்கப் உரிமையாளர்கள் ஜி.எம்., ஃபோர்டு மீது வழக்கே போட்டார்கள். பம்ப்புக்கு உயவு கொடுப்பதும் டீசல்தான் என்பதால், அதில் தண்ணீரோ பெட்ரோலோ கலந்தால் உலோகம் தேய்ந்து தூளாகும். மீட்டரிங் வால்வைக் கழற்றினால் மினுமினுவென்று தெரியும். ஆனால் அப்போது பம்ப்பை மட்டும் மாற்றுவது அதைவிட மோசம். தூள் ரெயில், இன்ஜெக்டர், டேங்க் வரை போயிருக்கும். அதே தூள் புது பாகங்களையும் தின்னும்.

இதெல்லாம் ஒர்க்‌ஷாப்காரருக்குத் தெரியாதா? பலருக்குத் தெரியும். ஆனால் கணக்கு அவர் பக்கம் இருக்கிறது. பாகம் விற்றால் கமிஷன் உண்டு, பாட்டில் மாட்டிப் பார்த்தால் கூலி கூடக் கிடைக்காது. "சும்மா பார்த்ததுக்கா ஐநூறு ரூபாய்?" என்று சண்டை போடும் அதே வாடிக்கையாளர், பல ஆயிரம் ரூபாய் பம்ப் பில்லுக்கு வாய் திறக்காமல் கார்டைத் தேய்க்கிறார். கையில் ஒரு பொருள் வந்தால்தான் அவருக்குக் காசு கொடுத்த திருப்தி! கண்டுபிடிப்பதற்குக் கூலி இல்லாத கடையில் யார் உட்கார்ந்து கண்டுபிடிப்பார்கள்?

கடைசியில் மாட்டிக்கொள்பவர் மாத டியூ கட்டும் டாக்ஸிக்காரர். மூன்று நாள் சவாரி போச்சு, கைமாற்று வாங்கிப் புது பம்ப் போட்டாயிற்று. அடுத்த வாரம் அதே மேடு, அதே மஞ்சள் விளக்கு, அதே பி0087. மறுபடி அதே ஒர்க்‌ஷாப், அதே ஸ்கேனர்.

"இன்ஜெக்டர் போச்சு சார்!"