சைக்கிள் கொடுத்தோம், பாதை எப்போது கொடுப்போம்?



துபாயில் மகன் வீட்டில் இருந்தபோது நான் சைக்கிள் ஓட்டும் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். "டீச்சர், இந்த வயசுலயா!" என்று பாதிப் பேர் எழுதியிருந்தீர்கள். "அது பணக்கார ஊர், நம்ம வெயிலுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று மீதிப் பேர். முதல் கருத்துக்கு நன்றி. இரண்டாவது கருத்துக்குப் பதில்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

அங்கே நான் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை நாள். துபாய் கால்வாய்க் கரையில் போனைக் காட்டி வாடகைச் சைக்கிள் எடுத்தோம். பெடல் மிதிக்கும்போது சின்ன மோட்டார் ஒன்று கைகொடுக்கிறது. என் முழங்காலுக்கு அது பெரிய உபகாரம். தலைக்கவசம் கட்டாயம். கரையோரமாகவே போய் ஜுமைரா கடற்கரையைப் பிடித்தோம். அங்கிருந்து கைட் பீச். நினைத்த இடத்தில் இறங்கி டீ குடித்தோம், நிழலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினோம், சாயங்காலம்தான் வீடு திரும்பினோம். ஒரு அவசரமும் இல்லை.

அன்று முழுவதும் நான் பாதையில் போகும்போது ஒருமுறைகூடப் பயந்து திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ஹாரன் இல்லை, உரசிக்கொண்டு போகிற பைக் இல்லை, பாதையை அடைத்து நிறுத்திய கார் இல்லை. கடலும் கட்டடமும் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். திரும்பிப் பார்க்காமல் சைக்கிள் ஓட்டும் நிம்மதிதான் எனக்குப் புதிது.

இனி வெயிலுக்கு வருகிறேன். கோடையில் அங்கே நாற்பது டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று அரசு விதியே வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில், நகருக்கு வெளியே அல் குத்ரா என்ற பாலைவனப் பகுதியில் மட்டும் 80 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். கோடை வந்தால் விடியற்காலையிலும் இரவிலும் ஓட்டுகிறார்கள். வெயிலுக்கு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். லாரிக்கு எந்த நேரத்தை மாற்றுவது?

துபாயைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாட வரவில்லை. அந்தப் பாதையில் நான் பார்த்தவர்கள் பெரும்பாலும் உடற்பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்கும் வந்தவர்கள். கட்டட வேலைக்குப் போயிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளைக் கம்பெனி பஸ் ஏற்றி இறக்குகிறது. அவர்களுக்கு அந்தப் பாதையால் பெரிய பயன் இருப்பதாகத் தெரியவில்லை. பணம் இருக்கிற ஊர் பொழுதுபோக்குக்குப் பாதை போட்டது. நமக்கோ சைக்கிள் பிழைப்பு, படிப்பு. பாதை முதலில் யாருக்குத் தேவை என்று நீங்களே சொல்லுங்கள்.

சைக்கிளின் அருமை தமிழ்நாட்டுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வைத்தார். லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டதைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், பிறகு அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. 2006இல் பீகார் அரசும் மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலை வகுப்பில் சேரும் பெண் பிள்ளைகள் 32 சதவீதம் கூடியிருந்தார்கள். பள்ளி தொலைவாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம்.

ஆக, சைக்கிள் படிக்க வைக்கிறது. ஆனால் அந்தச் சைக்கிள் எந்தச் சாலையில் போகிறது?

நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனி, ஞாயிறு விடியற்காலையில் நகரத்திலிருந்து தலைக்கவசம் மாட்டிய சைக்கிள்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. வண்டிகள் பெருகுவதற்குள் திரும்பிவிடுவார்கள். நம் பிள்ளைகள் புறப்படும் நேரமோ காலை எட்டு, எட்டரை. செம்மஞ்சேரிக் குப்பத்திலிருந்தும் முட்டுக்காட்டிலிருந்தும் வருகிற பெண் பிள்ளை, பை ஒரு பக்கம் இழுக்க, தண்ணீர் லாரிக்கும் சொகுசுப் பஸ்ஸுக்கும் ஒதுங்கி மணலில் இறங்கி ஏறித்தான் வர வேண்டும். விடுமுறை நாளில் அந்த மண் ஓரமும் கிடையாது. கடற்கரைக்கு வந்த கார்கள் நிற்கும். கேளம்பாக்கம் போகிற சாலையிலும் இதே கதைதான்.

என் பணிக்காலத்தில் ஒன்றைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சைக்கிள் கிடைத்த சில மாதத்தில் அது திண்ணையில் நிற்கும். கேட்டால், "ரோட்டுல பயமா இருக்கு டீச்சர், அப்பா வேணாம்னுட்டாரு" என்பாள். பஸ் தவறினால் அன்று லீவு. பையன் ஓட்டுவான், பெண்ணைத்தான் முதலில் நிறுத்துவார்கள். சாலையில் இருக்கும் பயம் வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் ஆகிவிடுகிறது.

"இடம் ஏது, பணம் ஏது?" என்பீர்கள். சென்னை மாநகராட்சி 2014லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதமாவது இதற்கு என்று எழுதினார்கள். எழுதியதற்கும் தெருவில் இருப்பதற்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும். அதிலும் மாநகராட்சி எல்லை உத்தண்டியோடு முடிகிறது. நாம் வெளியே.

ஐதராபாத்தில் 2023இல் வெளிவட்டச் சாலையை ஒட்டி 23 கிலோமீட்டருக்குச் சூரிய மின்தகடு கூரை போட்ட சைக்கிள் பாதையைத் திறந்தார்கள். நிழலுக்கு நிழல், மின்சாரத்துக்கு மின்சாரம். வெயிலுக்கு வழி உண்டு என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் நமக்கு அத்தனை பெரிய ஏற்பாடு வேண்டாம். பள்ளிக்கூடம் போகிற வழியில், வண்டி ஏற முடியாதபடி திட்டு கட்டி, இரண்டு மீட்டர் அகலம் இருந்தால் போதும். வெறும் வெள்ளைக் கோடு வேண்டாம். கோட்டின் மேல் கார் நிற்கும். ஓரத்தில் வரிசையாகப் புங்கை நட்டால் சில வருடத்தில் கூரையும் தயார்.

கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடி வாங்கினோம். கழிப்பறை, குடிநீர், காவலர் என்று உலகத் தரத்துக்குச் செய்ய நம்மால் முடிந்தது. சுற்றுலாப் பயணிக்குச் செய்ததைப் பள்ளிப் பிள்ளைக்குச் செய்ய முடியாதா?

உள்ளூரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளுக்குத் தவறாமல் வாருங்கள். பள்ளி வழிகளில் சைக்கிள் பாதை வேண்டும் என்று நெடுஞ்சாலைத் துறையையும் மாவட்ட ஆட்சியரையும் கேட்டுத் தீர்மானம் போடுவோம். என்னிடம் படித்த பொறியாளர்கள் ஒரு நாள் வந்து சாலையை அளந்து வரைபடம் போட்டுக் கொடுங்கள். ஆட்டோ, லாரி ஓட்டும் தம்பிகளே, பாதை வரும்வரை காலை எட்டு முதல் ஒன்பது மணிவரை பள்ளிப் பிள்ளையைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள், பின்னால் வந்து ஹாரன் அடிக்காதீர்கள்.

உங்கள் வீட்டுத் திண்ணையில் ஓடாமல் நிற்கிற இலவச சைக்கிள் இருந்தால், ஏன் நிற்கிறது என்று பிள்ளையிடம் கேட்டு, அவள் சொன்னதை அப்படியே கீழே எழுதுங்கள். அவற்றையெல்லாம் தொகுத்துத் தீர்மானத்தோடு இணைத்துக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கோவளம் டீச்சர்