ஒரே மூச்சில் ஏறி இறங்கும் 'புல்லட்' மலையேற்றம்: ஃபூஜி மலைக்கு கேட் போட்டது ஏன்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் டோக்கியோவின் ஷின்ஜுகுவில் பஸ் ஏறினால், சுமார் இரண்டரை மணி நேரத்தில் ஃபூஜி மலையின் பாதிக்கும் மேலான உயரத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து ராத்திரி முழுக்க நடந்தால், அதிகாலை நாலரை மணிக்கு உச்சியில் சூரிய உதயம். போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினால் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு டோக்கியோ திரும்பிவிடலாம். தங்கும் செலவு இல்லை, லீவும் போட வேண்டாம்.

கேட்க நல்ல பிளான்தான். இதற்கு ஜப்பானில் 'டாங்கன் தொசான்' என்று பெயர். 'டாங்கன்' என்றால் துப்பாக்கிக் குண்டு, 'தொசான்' என்றால் மலையேற்றம். குண்டு மாதிரி எங்கும் நிற்காமல் போய்த் திரும்புவது. இதைத் தடுக்கத்தான் 2024 ஜூலையில் ஃபூஜியின் அதிகம் பேர் ஏறும் பாதையில் யமனாஷி மாகாண அரசு ஒரு கேட் போட்டது. 2025-ல் விதிகள் இன்னும் இறுகின. மலை ஏற 4,000 யென் கட்டணம், அதாவது ஏறத்தாழ 2,300 ரூபாய். மதியம் 2 மணிக்கு மேல் போனால் உள்ளே விட மாட்டார்கள்.

ஒரு மலையை நேரம் பார்த்து மூட வேண்டிய நிலை ஏன் வந்தது?

என்ன விதி?

ஃபூஜியின் உயரம் 3,776 மீட்டர். ஜப்பானின் மிக உயர்ந்த மலை. 2013 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. ஜூலை தொடக்கத்தில் இருந்து செப்டம்பர் 10 வரைதான் ஏறும் சீசன். இந்த இரண்டு மாதச் சொச்சத்தில் மட்டும் சுமார் 2 லட்சம் பேர் ஏறுகிறார்கள்.

மேலே போக நான்கு பாதைகள். யோஷிதா பாதை யமனாஷி மாகாணத்தில் இருந்து தொடங்குகிறது. சுபாஷிரி, கோதெம்பா, ஃபூஜினோமியா ஆகிய மூன்றும் ஷிசுவோகா மாகாணத்தில் இருந்து. யோஷிதாவில்தான் கூட்டம் அதிகம். காரணம், டோக்கியோ பஸ் நேராக 2,300 மீட்டர் உயரத்தில் உள்ள 'ஐந்தாம் நிலையம்' வரை போகிறது.

2024-ல் யோஷிதாவில் மட்டும் 2,000 யென் கட்டணம், நாளுக்கு 4,000 பேர் என்ற வரம்பு, மாலை 4 மணி முதல் அதிகாலை 3 மணி வரை கேட் மூடல் ஆகியவை வந்தன. மலைக் குடிலில் ரூம் புக் செய்தவர்களுக்கு மட்டும் மூடல் நேரத்தில் விதிவிலக்கு. 2025-ல் கட்டணம் இரட்டிப்பானது, மற்ற மூன்று பாதைகளுக்கும் வந்தது. ஷிசுவோகா பக்கம் ஏறுபவர்கள் முன்கூட்டியே ஆன்லைனில் விதிகளைப் படித்துப் பதிவு செய்ய வேண்டும்.

இதில் ஒரு சுவாரஸ்யமான சட்டச் சிக்கல் இருந்தது. யோஷிதா பாதை, சட்டப்படி ஒரு மாகாண சாலை. பொதுச் சாலையில் நடந்து போகிறவரை 'நீ போகாதே, காசு கொடு' என்று நிறுத்த முடியாது. அதனால் யமனாஷி அரசு தனி விதி இயற்றி, ஐந்தாம் நிலையத்துக்கு மேலே உள்ள ஒரு பகுதியை சாலைப் பட்டியலில் இருந்தே எடுத்து, மாகாணத்துக்குச் சொந்தமான வசதியாக மாற்றியது. அதற்குப் பிறகுதான் கேட். கூட்டத்தைக் கட்டுப்படுத்த முதலில் சாலையைச் சாலை இல்லை என்று ஆக்க வேண்டியிருந்திருக்கிறது!

சரி, ஒரே ராத்திரியில் ஏறினால் என்ன ஆகும்?

பலர் நினைப்பது, உயரம்தான் பிரச்னை என்று. உயரம் ஒரு பகுதிதான். முதலில் தூக்கக் கணக்கைப் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை 7 மணிக்கு எழுந்து, ஆபீஸ் போய், சாயங்காலம் பஸ் ஏறி, இரவு 9 மணிக்கு ஐந்தாம் நிலையத்தில் நடக்க ஆரம்பிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஏற ஆறேழு மணி நேரம். கூட்டம் இருந்தால் கூடுதல். நாலரைக்கு உதயம். இறங்க மூன்று முதல் ஐந்து மணி நேரம். கீழே வரும்போது மணி சனிக்கிழமை காலை 10 என்று வைத்தால், அவர் 27 மணி நேரம் தூங்கவில்லை. அந்த 27 மணி நேரத்தின் கடைசி சில மணி நேரம் அவர் நடப்பது, எரிமலைச் சரளைக் கற்கள் சறுக்கும் இறக்கத்தில். முட்டி தளர்ந்து, கண் சொருகும் நேரம். கால் இடறுவதும் சுளுக்குவதும் இங்கேதான்.

வழி தவறுவதும் இங்கேதான். எட்டாம் நிலையத்தின் அருகே இறங்கும் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று யோஷிதாவுக்கு, இன்னொன்று சுபாஷிரிக்கு. பலகை இருக்கிறது. ஆனால், தூக்கக் கலக்கத்தில் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தே நடப்பவர்கள் தப்பான கிளையில் இறங்கி, வேறு மாகாணத்தில் போய் நிற்பது ஃபூஜியில் ரொம்பச் சாதாரணம். திரும்பி ஏற உடம்பில் தெம்பு இருக்காது. டோக்கியோவுக்கு புக் செய்த பஸ்ஸோ மலையின் மறுபக்கம் நிற்கும்.

அடுத்தது குளிர். நூறு மீட்டர் உயர உயர வெப்பநிலை சுமார் 0.6 டிகிரி குறையும். டோக்கியோ 30 டிகிரியில் புழுங்கும்போது உச்சியில் 7, 8 டிகிரிதான் இருக்கும். காற்று அடித்தால் உடம்புக்கு அது பூஜ்யம் மாதிரி. டி-ஷர்ட்டும் ஸ்னீக்கர்ஸுமாக வந்து, வியர்வையில் நனைந்து, உதயத்துக்காக ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் உடல் வெப்பம் சரசரவென்று இறங்கும். பாதை ஓரத்திலும் கழிப்பறைகளிலும் சுருண்டு படுத்தவர்கள், தீ மூட்டியவர்கள் பற்றிய புகார்கள்தான் கேட் வருவதற்கு உடனடிக் காரணங்கள்.

உயரத்துக்கு வருவோம். உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். 2,500 மீட்டருக்கு மேலே யாருக்கு வேண்டுமானாலும் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வரலாம். ஜிம் போகிறவர், மாரத்தான் ஓடுகிறவர் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. உடம்பு பழகுவதற்காக ஐந்தாம் நிலையத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு ஏறுங்கள் என்பது அங்கே எல்லோருக்கும் சொல்லப்படும் அறிவுரை. பஸ்ஸில் இருந்து இறங்கியதும் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பும் 'புல்லட்' ஆட்கள் செய்யாதது இதைத்தான்.

அப்படியென்றால் ஒரே நாளில் ஏறுவதே தப்பா?

இல்லை. இந்த இடத்தில்தான் விவாதம் குழம்பிப்போகிறது.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் விட்னி சிகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 4,421 மீட்டர். அலாஸ்காவைத் தவிர்த்துப் பார்த்தால் அமெரிக்காவின் பெரிய நிலப்பரப்பில் மிக உயர்ந்த இடம். போக வர சுமார் 35 கி.மீ. பாதி வழியில் டீக்கடையோ குடிலோ கிடையாது, ஃபூஜியைவிட எவ்வளவோ ஒதுக்குப்புறமான மலை. அங்கே ஒரே நாளில் ஏறி இறங்குவது அங்கீகரிக்கப்பட்ட விஷயம். மே முதல் நவம்பர் 1 வரை நாளுக்கு 100 ஒரு நாள் அனுமதிகள், கூடாரம் போட்டுத் தங்குபவர்களுக்கு 60. அனுமதிகளில் பெரும்பாலானவை குலுக்கல் மூலம் தரப்படுகின்றன. கழிவைப் பையில் போட்டுக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது வரை விதி உண்டு. ஏறுபவர்கள் நடுராத்திரி தாண்டி ஹெட்லைட்டோடு கிளம்பி, மதிய இடி மின்னலுக்கு முன் உச்சியை விட்டு இறங்கப் பார்ப்பார்கள்.

மருத்துவக் கோணத்திலும் இதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. உயர நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் மேலே போய்ச் சில மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் இறங்கிவிட்டவர் தப்பிக்கலாம். ஆனால் அது வேகமாக இறங்கத் தெம்பு இருப்பவருக்கு மட்டும் பொருந்தும் கணக்கு.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விட்னியில் கட்டுப்பாடு முக்கியமாக ஆட்களின் எண்ணிக்கை மேல் இருக்கிறது, ஃபூஜியில் கடிகாரத்தின் மேல். ஃபூஜியில் அதிகாலை 3 மணிக்கு கேட் திறந்ததும் ஏறி, வெளிச்சத்திலேயே இறங்கிவிட இன்றைக்கும் தடையில்லை. தடுக்கப்படுவது, தூங்காமல் ராத்திரியில் ஏறுவது மட்டும்தான். நாளுக்கு 4,000 பேர் என்பது பெரிய எண். அது நெரிசலை அதன் உச்ச நாளில் மட்டும்தான் தொடும். உண்மையான வேலையைச் செய்வது அந்த மூடும் நேரம்தான்.

அதிலும் முதல் வருஷமே ஓட்டை தெரிந்துவிட்டது. 4 மணிக்கு மூடுகிறார்களா, 3.50-க்கு உள்ளே போய்விட்டு மெதுவாக ஏறினால் போச்சு என்று சிலர் கிளம்பினார்கள். கேட் மூடல் 2025-ல் மதியம் 2 மணிக்கு நகர்ந்தது அதனால்தான். 2 மணிக்கு முன் நுழைபவர் நேராக ஏறினால் ராத்திரி 8, 9 மணிக்கே உச்சி வந்துவிடும். அடுத்த உதயத்துக்கு எட்டு மணி நேரம் குளிரில் காத்திருக்க யாருக்கும் மனசு வராது.

காசு இருப்பவருக்கு மட்டுமா மலை?

விதிகளை ஆதரிப்பவர்கள் அவ்வளவாகப் பேசாத பகுதி இது. கேட் மூடிய பிறகும் உள்ளே போக ஒரே வழி, குடில் புக்கிங். ஒரு ராத்திரிக்கு, சாப்பாட்டோடு சேர்த்து 10,000 யென்னைத் தாண்டும். அதுவும் வரிசையாகப் போட்ட படுக்கையில் சில மணி நேரத் தூக்கம். கொரோனாவுக்குப் பிறகு இடைவெளி விடுவதற்காகப் பல குடில்கள் படுக்கைகளைக் குறைத்துவிட்டன. வார இறுதி என்றால் சீக்கிரமே நிரம்பிவிடும். யென் மதிப்பு விழுந்ததால் வெளிநாட்டுப் பயணிகளும் குவிகிறார்கள்.

ஆக, உச்சியில் உதயம் பார்ப்பது என்பது, முன்கூட்டியே திட்டமிடவும் கூடுதலாகச் செலவு செய்யவும் முடிந்தவர்களுக்கான விஷயமாகிவிட்டது. ராத்திரியில் ஏறிக்கொண்டிருந்த கல்லூரி மாணவர்களும், ஒரு நாள் லீவு மட்டும் கிடைப்பவர்களும் முட்டாள்தனத்தால் மட்டும் அப்படிச் செய்யவில்லை. காசும் நேரமும் இல்லாததும் ஒரு காரணம். பாதுகாப்புக்காக கேட் தேவைதான். ஆனால் சுமக்கும் பாரம் எல்லோருக்கும் ஒன்று இல்லை.

மீட்புச் செலவு யார் தலையில் என்பது இன்னொரு சண்டை. 2025 ஏப்ரலில், சீசன் இல்லாத நேரத்தில் ஏறிய 27 வயது சீன மாணவர் ஒருவர் உச்சிக்கு அருகில் இருந்து ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார். நான்கே நாளில், விட்டுவந்த செல்போனைத் தேடி மறுபடியும் ஏறி, மறுபடியும் மீட்கப்பட்டார். ஜப்பானில் போலீஸ், தீயணைப்பு ஹெலிகாப்டர் மீட்புக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது. சைத்தாமா மாகாணம் மட்டும் 2018 முதல் சில மலைகளில் வசூலிக்கிறது. ஃபூஜியிலும் வசூலிக்க வேண்டும் என்று ஃபூஜினோமியா மேயர் வெளிப்படையாகக் கேட்டார். எதிர்ப்பக்கத்தின் வாதம்: காசுக்குப் பயந்து போன் செய்யத் தாமதித்தால் உயிர் போகும்.

நம்ம ஊர்க் கணக்கு

இந்த விவாதம் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகாவுக்கும் புதிதல்ல. கோவை வெள்ளியங்கிரியில் பிப்ரவரி முதல் மே வரை பக்தர்கள் பலர் வெயிலுக்குப் பயந்து ராத்திரியிலேயே ஏழு மலையும் ஏறி, விடிந்ததும் இறங்குகிறார்கள். உயரம் 2,000 மீட்டருக்கும் கீழேதான். ஆக்சிஜன் ஒரு பிரச்னையே இல்லை. அப்படியும் 2024 சீசனில் மலையேறிய பக்தர்கள் பலர் அடுத்தடுத்து இறந்தார்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, களைப்பு என்றே செய்திகள் வந்தன. ராத்திரி முழுக்கத் தூங்காமல் செங்குத்தாக ஏறுவது என்ன செய்யும் என்பதற்கு 3,776 மீட்டர் தேவையில்லை.

கர்நாடகாவின் குமார பர்வதத்தில் 2024 ஜனவரி லாங் வீக்எண்டில் திரண்ட கூட்டத்தின் வீடியோ வைரலானதும், ஆன்லைன் புக்கிங் இல்லாத மலையேற்றப் பாதைகளை அந்த மாநில அரசு நிறுத்திவைத்தது. தமிழ்நாட்டில் 2018 குரங்கணி காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்ற விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' புக்கிங் தொடங்கியது. வழிகாட்டி உண்டு, ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு.

ஜப்பான் டிக்கெட் போட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். குடில் கிடைக்கவில்லை என்றால் உதயம் போச்சு என்று நினைக்க வேண்டாம். யோஷிதா பாதை மலையின் வடகிழக்குச் சரிவில் ஏறுகிறது. அதிகாலை 3 மணிக்கு கேட் திறந்ததும் கிளம்பினால், நாலரை மணி உதயத்தின்போது ஆறாம் நிலையத்தைத் தாண்டியிருப்பீர்கள். வானம் தெளிவாக இருந்தால் பாதையில் நின்றபடியே அது தெரியும். அங்கிருந்து உச்சி வரை போவதா, திரும்புவதா என்று முடிவு செய்ய முழுப் பகலும் மீதி இருக்கும்.