விண்மீனுக்கு முனை எத்தனை?

திருக்கோணமலையில் மார்கழி என்பது மாரி கொட்டும் காலம். வடகீழ்ப் பருவக்காற்று கொணரும் முகில்கள் வானத்தை மூடிவிட, கோட்டைக் கடலோரம் முதல் உட்துறைமுகம் வரை ஒரு வெள்ளியும் கண்ணிற் படாத இரவுகள் பல. அவ்விரவுகளில் நம் நகரத்தார் காணும் விண்மீன்கள், நத்தாரை முன்னிட்டுக் கிறிஸ்தவ இல்லங்களின் முகப்பில் ஒளிரும் தாள் விண்மீன்களே. ஐந்து முனையுடையன உண்டு, ஆறும் எட்டும் உடையன உண்டு, வாலுடையனவும் உண்டு. இவற்றுள் எது சரியான வடிவம் என்று நம் மாணவர் ஒருவர் வினவினார். வினா சிறிது, விடையோ நெடுவழி செல்வது.

முதலில் மூலநூலைப் பார்ப்போம். நற்செய்தி நூல்கள் நான்கனுள் மத்தேயு எழுதியது ஒன்றே இவ்விண்மீனைக் கூறுகின்றது. கீழ்த்திசை ஞானியர் அதனைக் கண்டனர். அது முன்சென்று பாலன் இருந்த இடத்தின்மேல் நின்றது. அவ்வளவே. முனை எத்தனை, வால் உண்டா, நிறம் யாது என்பன பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஞானியர் மூவர் என்றுகூட அங்கு இல்லை. காணிக்கை மூன்றாதலின் பின்னோர் மூவர் எனக் கொண்டனர். ஆகவே விண்மீனுக்கு வடிவு தரும் பொறுப்பு ஓவியன் தலையில் விழுந்தது.

உரோமாபுரியில் பிரிசில்லா நிலவறைக் கல்லறைகளில், கி.பி. 3ஆம் நூற்றாண்டினது என மதிக்கப்படும் ஓவியம் ஒன்றுண்டு. தாயும் சேயும் இருக்க, அருகே ஒருவர் மேலுள்ள விண்மீனைச் சுட்டிக் காட்டுகின்றார். கீழைத் திருச்சபையின் திருவுருவ ஓவியர் விண்மீனிலிருந்து ஒரு கதிரை இறக்கி, அதனை மூன்றாகப் பிரித்தனர். ஒன்றே மூன்றாதல் என்னும் திரித்துவக் கொள்கை அவர்க்கு அக்கதிரில் அடங்கிற்று.

இவர்களினும் துணிந்தவர் இத்தாலிய ஓவியர் ஜியோத்தோ. 1305ஆம் ஆண்டை ஒட்டிப் பாதுவா நகரத் தேவாலயச் சுவரில் அவர் தீட்டியது, தீப்பற்றி எரியும் வால்வெள்ளி. 1301இல் தோன்றிய ஹேலியின் வால்வெள்ளியைத் தம் கண்ணாற் கண்டே அவர் வரைந்தார் என்பது பலர் கருத்து. வால்வெள்ளி தோன்றின் நாட்டுக்குக் கேடு என்னும் அச்சம் நம் நாட்டிற்போலவே ஆங்கும் இருந்த காலம் அது. அதனையே நற்செய்தியின் குறியாக்க எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! 1986இல் அவ்வால்வெள்ளியை அணுகிச் சென்ற ஐரோப்பிய விண்கலத்துக்கு ஜியோத்தோ என்றே பெயரிட்டனர்.

கணித ஆசிரியர் மகிழத்தக்க செய்தியும் ஒன்றுண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஜெர்மனியின் நீஸ்கி என்னும் ஊரில், மொரேவிய சபையாரின் பள்ளியில் ஒரு தாள் விண்மீன் பிறந்தது. 18 சதுரமும் 8 முக்கோணமும் கொண்ட திண்மத்தின் முகந்தோறும் ஒரு கூர்ங்கூம்பு. தொங்கவிடும் முகம் ஒன்று நீங்க, முனைகள் 25. வகுப்பறையில் உதித்த விண்மீன் இஃது.

ஆயின் விண்மீன் பூசலுக்கும் காரணமாயிற்று. பெத்லகேமில் பாலன் பிறந்த இடம் எனப் போற்றப்படும் குகையில் 14 முனையுடைய வெள்ளி விண்மீன் ஒன்று பதிக்கப்பட்டிருந்தது. மத்தேயு கூறும் 14 தலைமுறைக் கணக்கை அம்முனைகள் குறிக்கும் என்பர். அவ்விடம் எவர்க்குரியது என்று இலத்தீன் சபையாரும் கிரேக்க சபையாரும் வழக்காடிய நாளில், 1847இல், அது களவு போயிற்று. 1853இல் மூண்ட கிரிமியப் போருக்கு வழிகோலிய பிணக்குகளுள் இதுவும் ஒன்று. எந்தச் சின்னம் எவர் நிலத்தில் என்னும் வழக்கு நம் ஊருக்கும் புதிதன்றாதலால், இவ்வரலாற்றை நம் இளைஞர் சற்றே நின்று படித்தல் நன்று.

ஆறுமுனை விண்மீனைக் காணும் சைவப் பிள்ளைக்கு முருகனின் அறுகோணச் சக்கரம் நினைவில் எழும். யூதருக்கோ அது தாவீதின் விண்மீன். முக்கோணம் ஒன்றன்மேல் மற்றொன்றைத் தலைகீழாக வைத்தால் எவர் கையிலும் அவ்வடிவம் பிறக்கும். ‘எம்முடையதை அவர் எடுத்துக்கொண்டனர்’ என்போர் வடிவகணிதத்தோடு வழக்காடுகின்றனர்.

ஐந்து முனை நம்மிடையே பெருகியதற்குக் காரணம் சமயம் அன்று, மூங்கிற் சிம்பு என்பதே நம் துணிபு. ஒரே அளவான ஐந்து சிம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து முனைகளைக் கட்டினால் விண்மீன் ஆயிற்று. அவ்வாறு இரண்டு செய்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஐந்து முனைகளையும் இறுகப் பிணைத்து, உள்ளே சிம்புகள் வெட்டும் ஐந்து இடங்களிலும் குறுங்குச்சிகளைச் செருகுக. தட்டையாயிருந்தது வயிறு பருத்துக் கூடாகும். விளக்குக்கு இடம் கிடைக்கும். பிலிப்பைன் தீவினரும் இவ்வாறே செய்கின்றனர். வைகாசியில் பௌத்தர் கட்டும் வெசாக் கூட்டுக்கும் சிம்பும் நூலும் தாளுமே முதல். கூடு என்னும் சொல்லுங்கூடச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் பொதுவே. இப்பொழுது கடைகளில் பிளாத்திக்கு விண்மீன்கள் மலிந்துவிட்டன. அவை மழைக்கு அஞ்சா. ஆயினும் அவற்றின் ஒளியில் தாளின் மென்மை இல்லை. தாள் விண்மீனோ இரண்டு மழையில் நைந்துவிடும். அதனால் என்ன? சட்டத்தைப் பரணில் ஏற்றிவிட்டு, அடுத்த மார்கழியில் புதுத்தாள் ஒட்டினாற் போதும்.